கடைசி மூன்று எண்கள்

கூ யுவேசியாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆறு ஆண்டுகளாக அவரை அறிவேன். அவர் பேசி நான் கேட்டதில்லை. மற்றவர்கள் பேசுவதைத்தான் அவர் விரல்கள் வழியாகக் கேட்டிருக்கிறேன். என் வலது காது எழுபதாவது வயதிலும், இடது காது எழுபத்து மூன்றாவது வயதிலும் போயின. இடது காதுக்கு மிக அருகில் வந்து கத்தினால் மட்டும் ஏதோ கொஞ்சம் விழும். அப்படிக் கத்துவதற்குப் பொறுமை உள்ளவர் உலகத்தில் ஒருவர்தான், என் மனைவி பீஹுவா.

யுவேசியா செய்வது உடனெழுத்து வேலை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடியிருப்போர் கூட்டம் என்று காது கேளாதவர் ஒருவர் எங்கே போக வேண்டியிருந்தாலும், அவர் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அங்கே பேசப்படுவதை அந்த நொடியிலேயே எழுத்தாக்கிக் காட்டுவார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மருத்துவர் இருமினால் "மருத்துவர் இருமுகிறார்" என்று வரும். வெளியே யாராவது நாற்காலியை இழுத்தால் அதுவும் வரும். "இது எதுக்கும்மா?" என்று முதல் நாளே கேட்டேன். "காது கேக்கறவங்க இதையும் சேத்துத்தானே கேக்கறாங்க, பெரியப்பா. உங்களுக்கு மட்டும் ஏன் கொறச்சுத் தரணும்?" என்று திரையில் பதில் வந்தது.

அவர் பிறந்தது தாய்வானின் மேற்குக் கரையில் உள்ள புதாய், உப்பளத்து ஊர். சியாயி நகரத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தார். தொழிற்சாலை வெளிநாட்டுக்குப் போனது, வேலையும் போனது. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அதே ஆண்டு அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கும் காது கேட்காது. மருத்துவர் பதினொரு நிமிடம் பேசினார். யுவேசியா அதை ஒரே வரியாக்கி அப்பாவின் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்: "ஒன்றும் இல்லை அப்பா." அப்பா மகளைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இதை யுவேசியா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், கதையாகக்கூட இல்லை, தான் ஏன் எதையும் சுருக்குவதில்லை என்பதற்குக் காரணமாக. அடுத்த மாதமே உடனெழுத்துப் பயிற்சியில் சேர்ந்தார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எங்கள் நாட்டில் கடை ரசீது ஒவ்வொன்றும் ஒரு குலுக்கல் சீட்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எண்களை அறிவிப்பார்கள். வேண்டாதவர்கள் ரசீதைக் கடையில் வைத்திருக்கும் தானப் பெட்டியில் போட்டுவிடலாம். விழும் பரிசு தர்ம காரியத்துக்குப் போகும். யுவேசியாவின் மகன் சிறு வயதில் நான்கு வயது வரை வாய் திறக்கவில்லை. பேச்சு தாமதமான குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று இரண்டு ஆண்டுகள் அவனுக்குப் பயிற்சி கொடுத்தது. இப்போது அவன் காவ்சியுங்கில் பேக்கரி வைத்திருக்கிறான். வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசியே ரொட்டியைக் கருக்கிவிடுகிறான் என்பது அம்மாவின் புகார். அந்த இல்லத்தின் பெட்டியில் யுவேசியா தம் ரசீதுகள் எல்லாவற்றையும் போடுவார். ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. வாரத்தில் ஒரு நாள் அங்கேயே வந்து, சேர்ந்த ரசீதுகளைப் பரிசு எண்களோடு ஒத்துப்பார்க்கும் வேலையும் செய்வார். நானும் அங்கே போகிறவன்தான். எந்தப் பெட்டி எந்த நாளில் எடுக்கப்பட்டு எந்த மூட்டையில் சேர்ந்தது என்று பதிவேடு எழுதுவது என் வேலை.

சார்ஜர் விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் 2, திங்கட்கிழமை. காலை எட்டு நாற்பதுக்கு ஒரு கல்லூரி வகுப்பில் தட்டிக்கொண்டிருந்தபோது யுவேசியாவின் லேப்டாப் சார்ஜர் நின்றுபோனது. பேட்டரி ஒன்பதரை வரை தாங்கியது. மாலை ஐந்து மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: "வியாழக்கிழமைக்கு என்னால் வர முடியாமல் போகலாம்."

வியாழன் காலை 10.20-க்கு பீஹுவாவுக்கு அறுவை மருத்துவரிடம் நேரம் கொடுத்திருந்தார்கள். பித்தப்பையின் உள்சுவரில் ஒரு கட்டி. எடுப்பதா, காத்திருந்து பார்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். எடுப்பதென்றால் நான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் முறை எங்கள் மகள் தைச்சுங்கிலிருந்து வந்து கூடவே இருந்தாள். மருத்துவர் வெகுநேரம் பேசினார். மகள் என் நோட்டில் எழுதியது நான்கே சொற்கள்: "சின்ன ஆபரேஷன். பயப்பட வேண்டாம்." அவளைக் குறை சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

யுவேசியா எழுதிய தாளைப் படித்ததும் பீஹுவா முகம் தெளிந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. என் இடது காதில் வந்து கத்தினாள்.

"அப்போ வியாழக்கிழமை வேண்டாம்! யுவேசியா வந்தாத்தான் நான் போவேன்! நீங்க எதுவும் புரியாம கையெழுத்துப் போடறதா? அடுத்த மாசம் பாத்துக்கலாம்!"

அந்த மருத்துவர் வெளிநோயாளிகளைப் பார்ப்பது வியாழன் மட்டும்தான். அடுத்த மூன்று வியாழன்களிலும் அந்தப் பார்வை நேரம் இல்லை. பீஹுவாவுக்கு அது நன்றாகத் தெரியும். பயந்தவளுக்குத் தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சார்ஜர் ஒன்று கிடைத்தால் அந்தக் காரணம் போய்விடும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

வேறு லேப்டாப் கேட்டு வாங்கலாமே என்று எழுதினேன். யுவேசியா முடியாது என்று தலையசைத்தார். எட்டு ஆண்டுகளாக அவர் சேர்த்துவைத்த குறுக்கு விசைப் பட்டியல் அந்த லேப்டாப்பில் பதிந்த மென்பொருளோடு மட்டும் வேலை செய்யும். பதினோராயிரத்துச் சொச்சம் சொற்றொடர்கள். இரண்டு விசை தட்டினால் "ரத்தம் உறையும் தன்மை" என்று முழுதாக விழும். அது இருந்தால் நிமிடத்துக்கு நூற்று நாற்பது எழுத்து, இல்லாவிட்டால் அறுபது. அறுபதில் பாதிப் பேச்சு தரையில் விழுந்துவிடும். செல்பேசியில் பேச்சை எழுத்தாக்கும் செயலியை நாங்கள் முன்பே சோதித்தாயிற்று. அரசு மொழியான மாண்டரின் சீனத்தில் பேசினால் ஓரளவு வரும். பீஹுவா பேசுவது எங்கள் உள்ளூர்த் தாய்வான் பேச்சு. "மருந்து சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்டதற்கு, "வாத்துக்குத் தாடி உண்டா?" என்று அது எழுதிக் காட்டியது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் மருந்து வேளை வந்தால் அந்தக் கேள்விதான்.

சார்ஜரின் முனை வேறு எதற்கும் பொருந்தாத சதுர முனை. ஊரில் மூன்று கடைகளில் தேடிவிட்டு, யுவேசியா அன்று பிற்பகல் 3.15-க்கு அந்த லேப்டாப் நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போயிருந்தார். அங்கே நடந்த பேச்சை நான் கேட்கவில்லை. பிறகு அவர் சொல்லுக்குச் சொல் எனக்குத் தட்டிக் காட்டினார். இந்தக் குறிப்பில் நான் நேரில் படிக்காத பேச்செல்லாம் அவர் தந்ததுதான். கவுன்டரில் இருந்த பெண்ணின் பெயர் யூ.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த நம்பரைப் போட்டா, தயாரான தேதி போன வருஷம் நவம்பர் ஒம்பதுன்னு காட்டுது. சார்ஜருக்கு வாரண்டி ஒரு வருஷந்தான். முடிஞ்சு இருபத்து மூணு நாள் ஆயிடுச்சு."

"நான் வாங்கினது இந்த அக்டோபர் பதினொண்ணாந்தேதிம்மா. ரெண்டு மாசங்கூட ஆகல."

"அப்போ வாங்கின தேதிலருந்தே கணக்கு. ரசீதைக் குடுங்க, இப்பவே மாத்தித் தர்றேன்."

"ரசீது இல்ல."

"தொலைச்சிட்டீங்களா?"

"தானம் பண்ணிட்டேன்."

"லேப்டாப் ரசீதையா! அக்கா, டீ வாங்கின ரசீதைப் போடுவாங்க, பிஸ்கட் ரசீதைப் போடுவாங்க..."

"எந்த ரசீதா இருந்தாலும் குலுக்கலுக்கு ஒரு நம்பர்தானேம்மா."

"தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க அம்மாவும் உங்கள மாதிரிதான். வாஷிங் மெஷின் ரசீதைப் பெட்டில போட்டுட்டு இன்னிக்கும் கையாலதான் தொவைக்கறாங்க. சரி, வாரண்டி அட்டைல கடை முத்திரை இருக்கா?"

இல்லை. அது கடையைக் காலி செய்யும் விற்பனை. கூட்ட நெரிசலில் கடைக்காரர் முத்திரை குத்த மறந்துவிட்டார். அக்டோபர் கடைசியில் கடையை மூடிவிட்டு மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார். சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், அதோ அலமாரியில் இருக்கிறதே என்று யுவேசியா கேட்டார்.

"அது வாரண்டில மாத்திக் குடுக்க மட்டுந்தான்கா. விலைக்கு வேணும்னா தைப்பேலருந்து வரணும். பத்து வேலை நாள் ஆகும்."

இவ்வளவையும் தாளில் சுருக்கமாக எழுதிக் காட்டியபோது, யுவேசியாவுக்குச் சுருக்கி எழுதுவது எவ்வளவு சங்கடம் என்று தெரிந்தது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பென்சிலை எடுத்துவிட்டு மறுபடி எதையோ சேர்த்தார்.

நான் எழுதினேன்: "செப்டம்பர், அக்டோபர் ரசீதுகள் இன்னும் இல்லத்தில்தான் இருக்கின்றன. குலுக்கல் நடந்தே ஒரு வாரம்தான் ஆகிறது. நாளைக் காலை வா."

அவர் பென்சிலை வாங்கி எழுதினார்: "கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா?"

"கேட்க வேண்டாம். தேடுவோம்" என்று எழுதினேன். பெரிய பதில் இல்லை. வேறு தோன்றவில்லை.

செவ்வாய்க் காலை ஒன்பது மணிக்கு இல்லத்தின் மாடிக் கூடத்தில் பதிவேட்டைப் பிரித்தேன். அந்தக் கணினிக் கடையில் இருந்தது 118-ஆம் பெட்டி. அக்டோபர் 30-ஆம் தேதி எடுத்தது. சேர்ந்த மூட்டை 23. மூட்டையை மேசையில் கொட்டினோம். யுவேசியா, நான், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஷாவ், இன்னொரு அம்மாள் என்று நான்கு பேர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரசீதுகள். ஷாவுக்கு வாய் ஓயாது.

"ஊர்ல இருக்கற ரசீதையெல்லாம் சரிபாக்கறவ, சொந்த ரசீதைக் கோட்டை விட்டுட்டியே தங்கச்சி!"

"கோட்டை விடலண்ணே. குடுத்தேன்."

"குடுத்தவளுக்கு இப்போ எதுக்கு அது?"

"அதத்தான் நானும் சொல்றேன். பெரியப்பாதான் மூட்டையக் கொட்டிட்டார்."

"வெங் சார் கொட்டினா சரியாத்தான் இருக்கும். அவர் தும்மினாக்கூட நேரம் குறிச்சு வெப்பாரு."

"பத்து தடவ பஸ்ஸை நிறுத்தாம ஓட்டிட்டுப் போனீங்களே, அதுக்கு அவர் நேரம் குறிக்கலேன்னு சந்தோஷப்படுங்க."

பதினொன்று ஐம்பதுக்கு மூட்டை 23 முடிந்தது. அந்த ரசீது அதில் இல்லை. இரண்டு மணி ஐம்பது நிமிடம் வீண். பக்கத்து எண்ணைத் தவறாக எழுதிவிட்டேனோ என்று மூட்டை 22-ஐயும் 24-ஐயும் பார்க்கச் சொன்னேன். ஷாவ்தான் கையை நிறுத்திவிட்டு யுவேசியாவைக் கேட்டாராம்:

"ஏம்மா, ரசீது எப்படி இருந்துச்சு? நீளமா, குட்டையா? மெஷின்ல வந்ததுதானே?"

"மெஷினா? அந்தக் கடைல ஏதுண்ணே மெஷின்? நீலப் பேனாவுல எழுதிக் குடுத்தார்."

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். யுவேசியா ஒரு ரசீதின் பின்புறத்தில் "கையால் எழுதியது" என்று எழுதி என் முன்னே தள்ளினார். பிழை என்னுடையது. கையால் எழுதிய ரசீதுகளை இயந்திரம் படிக்காது என்பதால், மூட்டை கட்டுவதற்கு முன்பே அவற்றைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும் என்பது இல்லத்தின் விதி. பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த விதியை எழுதியவன் நான். எழுதிவைத்துவிட்டு, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் நான்கு பேரைக் காலை முழுதும் உட்கார்த்திவிட்டேன். மன்னிக்கச் சொன்னேன். ஷாவ் என் முதுகில் ஓங்கித் தட்டினார். அது மன்னிப்புதான் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கேள்வியும் ஷாவ் கேட்டதுதான்.

"கையெழுத்து ரசீதை இந்தத் தடவ யார் பாத்தது?"

யுவேசியா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பதிவேட்டில் இருந்தது: நவம்பர் 28, பிற்பகல் 1.30 முதல் 4.10 வரை, கையெழுத்து ரசீதுகள் 2,316, பார்த்தவர் கூ யுவேசியா.

"என் கை வழியாப் போயிருக்கு. நான் பாக்கவே இல்லண்ணே."

ரசீது பார்ப்பவர்கள் கடைப் பெயரைப் படிப்பதில்லை, தேதியைப் படிப்பதில்லை, என்ன பொருள் என்று படிப்பதில்லை. எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் கண் பார்க்கும். அது பரிசு எண்ணோடு ஒத்தால் இடப்பக்கத் தட்டு, ஒக்காவிட்டால் வலப்பக்கக் கூடை. அப்படிப் பழகினால்தான் ஒரே மதியத்தில் இரண்டாயிரம் பார்க்க முடியும். அங்கே அவரைவிட வேகமாகப் பார்ப்பவர் யாரும் இல்லை. அந்த வேகத்தில், ஐந்து நாட்களுக்கு முன் தம் சொந்த ரசீதைத் தாமே வலப்பக்கக் கூடையில் போட்டிருக்கிறார்.

பரிசு விழாதவற்றை நூறு நூறாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருப்போம். பழைய காகிதம் எடுக்கும் பெண் புதன் காலை ஏழு மணிக்கு வண்டியோடு வருவாள். இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. கட்டுகளை மேலே கொண்டுவந்தோம். பழக்கம் விடாமல் எல்லாருடைய கண்ணும் எண்ணுக்கே போனது. தேதியைப் பார், தேதியைப் பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே பிரித்தார்கள். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் பதினான்காம் கட்டில் ஷாவ் அதைக் கண்டுபிடித்தார். கையைத் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நானூத்தி எழுவத்தொம்பது! பரிசு நம்பர் நானூத்தி எழுவத்தெட்டு! ஒண்ணுல போச்சே தங்கச்சி!"

"போனதே நல்லதுண்ணே. விழுந்திருந்தா இந்நேரம் ரசீது பேங்க்ல இருக்கும்."

யுவேசியா ரசீதைக் கையில் வாங்கவில்லை. முதலில் பதிவேட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன்: "கட்டு 14. ஒன்று இரவல். கூ யுவேசியா. புதன் மாலைக்குள் திரும்பும்." பதினான்காம் கட்டை மட்டும் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினோம். அதன் பிறகுதான் கையை நீட்டினார்.

புதன்கிழமை நானும் சேவை மையத்துக்குப் போனேன். திறப்பது பதினொரு மணி, எங்கள் டோக்கன் எண் இரண்டு. யூ ரசீதைப் புரட்டிப் பார்த்தாள். கடையின் முத்திரை இருந்தது, தேதி இருந்தது. பொருள் என்ற இடத்தில் "கணினி, ஒன்று" என்று மட்டும் இருந்தது. எந்தக் கணினி, என்ன எண், எதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. இத்தனை பேர் தேடி எடுத்த காகிதத்தில் வேண்டிய சொல் ஒன்று குறைகிறது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல மாடலே எழுதல. வேற கணினி வாங்கின ரசீதுன்னு யாராவது சொன்னா நான் என்ன பதில் சொல்றது?"

யுவேசியா கெஞ்சவில்லை. என்னைக் காட்டி, நாளை காலை 10.20, என் மனைவி, அறுவை மருத்துவர் என்று உள்ளதைச் சொன்னார். யூ என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து நீண்ட நேரம் கணினியில் எதையோ தேடினாள். பின்னால் வரிசை சேர்ந்தது. ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் நிமிரவில்லை.

"இருக்குக்கா! இந்த நம்பர் லேப்டாப்ப நாங்க எந்தக் கடைக்கு அனுப்பினோம்னு இங்க இருக்கு. பேரு அதே பேரு. முத்திரையும் அதே முத்திரை. சரியாப்போச்சு."

அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தாள். ரசீதை நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பதினொன்று நான்குக்கு கவுன்டருக்குப் போனோம், பதினொன்று பத்தொன்பதுக்குச் சார்ஜர் கையில் இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடங்களில் அவள் செய்தது அவள் செய்தே ஆக வேண்டிய வேலை அல்ல. மாடல் இல்லை என்று சொல்லி அடுத்த எண்ணைக் கூப்பிட்டிருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

காத்திருப்போர் பெஞ்சுக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. யுவேசியா அங்கேயே இணைத்தார். சிறிய ஆரஞ்சு விளக்கு எரிந்தது. திரை வந்ததும் அவர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டத் தொடங்கினார். திங்கட்கிழமை கவுன்டரில் நடந்த பேச்சு, செவ்வாய்க்கிழமை கூடத்தில் ஷாவ் அடித்த கிண்டல், நான் தும்முவதற்கு நேரம் குறிப்பது, சற்று முன் நடந்தது என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். மூன்று நாட்களாக வாய்கள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாட்களும் ஒலியோடு எனக்குத் திரும்பி வந்தன. வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது.

தண்ணீர் கொண்டுவந்து வைத்த யூ திரையைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ, 'தப்பா நினைச்சுக்காதீங்க'ன்னு நான் மூணு தடவையா சொன்னேன்?"

அவள் கேட்டதும் உடனே திரையில் வந்தது. அதன் கீழே யுவேசியாவின் பதிலும் வந்தது: "அஞ்சு. ரெண்டு தடவ பக்கத்து ஆள்கிட்ட."

யூ குனிந்து என்னிடம் ஏதோ சொன்னாள். திரை சொன்னது: "தாத்தா, பாட்டிக்கு நல்லாயிடும். போயிட்டு வாங்க."

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு யுவேசியா ரசீதைத் திருப்பிக் கொண்டுவந்தார். பதினான்காம் கட்டில் செருகி, எண்ணிப் பார்த்து, நூறு என்று என்னிடம் விரல்களால் காட்டினார். ஓராண்டு வாரண்டியில் இன்னும் பத்து மாதம் பாக்கி இருக்கிறதே, நீயே வைத்துக்கொள் என்று எழுதினேன். "நகல் அவர்களிடம் இருக்கிறது. இது கொடுத்தது" என்று எழுதினார்.

வியாழன் காலை பீஹுவா முகம் கழுவ வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். வாசலில் யுவேசியா லேப்டாப் பையோடு நிற்பதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். காரணம் போய்விட்டது.

மருத்துவர் ஹோ மாண்டரினில் பேசினார். எல்லாம் திரையில் வந்தது. கட்டியின் அளவு ஒன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படத்தில் ஒரு சென்டிமீட்டர்தான். வளர்கிறது. எடுத்துவிடுவது நல்லது. வயிற்றில் நான்கு சிறு துளைகள். இத்தனை மணி நேரம், இன்னின்ன ஆபத்துகள். இவ்வளவும் போன முறையும் அவர் சொல்லியிருப்பார். பிறகு அவர், "கெட்ட கட்டியா இருக்கறதுக்கு நூத்துக்கு" என்று தொடங்கினார். திரையில் அந்த வரி பாதியில் நின்றது. அடுத்த வரி பீஹுவாவினுடையது, தாய்வான் பேச்சில்.

"டாக்டர், அந்த நூத்துக்கு எத்தனங்கறத மட்டும் இவருக்குச் சொல்லாதீங்க. நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டு ராவும் பகலும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார்."

நான் படித்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் முகம் மாறியது.

"அடியே, அதையும் எழுதிட்டியா?"

திரை: "அடியே, அதையும் எழுதிட்டியா?"

திரை: "மருத்துவர் சிரிக்கிறார்."

திரை: "செவிலியரும் சிரிக்கிறார்."

யுவேசியா சிரிக்கவில்லை. விரல்களை விசைகள் மேல் வைத்துக் காத்திருந்தார். நான் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லும்படி கேட்டேன். என் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று எனக்குத் தெரியாது. சொன்னார். நான் பயந்திருந்ததைவிடச் சிறிய எண். அதை இங்கே எழுதப்போவதில்லை. பீஹுவா கேட்டுக்கொண்டபடி நோட்டிலும் எழுதவில்லை.

"ஆஸ்பத்திரில எத்தன நாள் டாக்டர்?"

"மூணு நாள் போதும்மா."

"மூணு நாளா? மூணு நாள் இவர் காதுல யார் கத்தறது?"

இந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். எங்கள் நாற்பத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கையில் பீஹுவா பயந்தது எதைப் பற்றி என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். மகள் எழுதியிருந்தால் "மூன்று நாள்" என்று எழுதியிருப்பாள். 10.52-க்குக் கையெழுத்துப் போட்டேன். பீஹுவா தள்ளிப்போடச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் யுவேசியா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். உடனெழுத்துக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அறையில் எழுதியதை, அதைப் படித்தவர் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும். ஒரு பிரதிகூட யாரிடமும் தங்கக் கூடாது. அந்த முப்பத்திரண்டு நிமிடங்களின் கடைசி வரிக்குக் கீழே அவர் கேட்டிருந்தார்: "அழிச்சிடட்டுமா, பெரியப்பா?"

வாழ்நாள் முழுதும் எதையும் அழித்துப் பழக்கமில்லாத எனக்குத் தலையாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. தலையாட்டினேன். திரை வெறுமையானது.

பதினொன்றாம் தேதி அறுவை நடந்தது. பதினெட்டாம் தேதி முடிவு வந்தது, சாதாரணக் கட்டிதான். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாட்களும் யுவேசியா மாலை ஐந்து மணிக்கு வந்து, பீஹுவா கட்டிலில் படுத்தபடி என்னைத் திட்டியதை எனக்குத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். உடனெழுத்துக்கு நகராட்சி மணிக்கணக்கில் கூலி தரும். அந்த நேரத்தை அவர் அதில் எழுதிக்கொள்ளவில்லை.

உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு, பெரியப்பா? நான் மத்தவங்க பேசறதைத்தானே எழுதறேன்" என்றார். எழுதிவிட்டேன். அழிக்கப்பட்டதை நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். இதில் ஒரு சொல் கூடியோ குறைந்தோ இருந்தால் அது என் பிழை. அவர் தட்டியதில் பிழை இல்லை.